லாங் ரன்னும் மனசும்: இதுவரை செய்து பார்த்தது

லாங் ரன்னில், அதாவது வழக்கத்தைவிட அதிக தூரம் ஓடும் நாளில், பாதி தூரம் தாண்டியதும் ‘போதும், நடந்துவிடலாம்’ என்று தோன்ற ஆரம்பிக்கும். தொடை கனக்கும், மூச்சு கணக்கில் நிற்காது. ஆனால் முடிக்கும் இடம் கண்ணில் பட்டதும் கால் தானாக வேகமெடுக்கும். தெம்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தால் இந்த வேகம் எங்கிருந்து வருகிறது?

தென்னாப்பிரிக்க ஆய்வாளர் டிம் நோக்ஸ் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். உடல் சேதமடையும் முன்பே மூளை கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது, களைப்பு என்பது அதற்காக மூளை உண்டாக்கும் உணர்வு என்பது அவர் வாதம். சாமுவேலே மார்கோரா என்ற ஆய்வாளர் இதை ஏற்கவில்லை. எவ்வளவு சிரமமாகத் தெரிகிறது, எவ்வளவு சிரமப்பட நாம் தயார் என்ற இரண்டும்தான் நிறுத்துவதா தொடர்வதா என்பதை முடிவு செய்கின்றன என்கிறார். ஓடுகிறவனுக்கு உபயோகமானது மார்கோராவின் விளக்கம்தான், ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

அதனால் தூரம், பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்), இதயத்துடிப்போடு சேர்த்து ‘சிரமம்’ என்று இன்னொரு எண்ணையும் நோட்டில் எழுதுகிறேன். குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோல் அது. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியாது.

இந்த எண் முதலில் காட்டிக்கொடுத்தது மண்டை காய்ந்த நாட்களைத்தான். நாள் முழுக்கக் கணக்கு வழக்கில் உட்கார்ந்துவிட்டு மாலையில் ஓடினால், அதே பேஸ், ஏறக்குறைய அதே துடிப்பு, ஆனால் வழக்கமாக 13 எழுதுகிற இடத்தில் 15 எழுதுகிறேன். மார்கோரா குழு 2009-இல் வெளியிட்ட சோதனையும் இதைத்தான் சொல்கிறது. 90 நிமிடம் கவனத்தைப் பிழியும் கணினி வேலை செய்தவர்கள், அதன்பின் சைக்கிள் மிதிக்கும்போது சுமார் 15 சதவீதம் சீக்கிரமே கைவிட்டார்கள். இதயமும் ரத்த லாக்டேட்டும் (தசை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) அதற்குக் காரணம் காட்டவில்லை, சிரமம்தான் ஆரம்பத்திலிருந்தே கூடுதலாகத் தெரிந்தது. இப்போது அந்த மாதிரி நாட்களில் வேகப் பயிற்சி வைத்துக்கொள்வதில்லை. மெதுவாக ஓடிவிட்டு வந்துவிடுவேன்.

அப்புறம் தனக்குத்தானே பேசிக்கொள்வது. 2014-இல் வந்த ஒரு சோதனையில் இதைப் பழகியவர்கள் சைக்கிளில் 18 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். படித்தபோது நம்பிக்கை வரவில்லை. ‘உன்னால் முடியும்’ என்று சொல்லிப் பார்த்தேன், ‘முடியாது’ என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது! பிறகு இடத்துக்குத் தகுந்த வாக்கியமாக மாற்றினேன். ஆரம்பத்தில் ‘அவசரம் வேண்டாம்’. நடுவில் ‘தோளைத் தளர்த்து’. கடைசியில் ‘அந்த வளைவு வரை மட்டும்’. இது வேலை செய்கிறது. நடுப்பகுதியில் பேஸ் சரிவது குறைந்திருக்கிறது. உடம்பைப் பற்றிய கட்டளை என்பதால் மனசுக்கு எதிர்வாதம் பண்ண இடமில்லையோ என்னவோ. வாக்கியங்களை வீட்டிலேயே எழுதிவைத்துக்கொள்வது முக்கியம், களைத்த பிறகு புதிதாக எதுவும் தோன்றாது.

சிரித்துக்கொண்டே ஓடினால் ஆக்சிஜன் செலவு கொஞ்சம் குறையும் என்று 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் பதிலுக்குச் சிரித்தார்கள், அவ்வளவுதான். சர்க்கரை வாயில் பட்டாலே மூளைக்குத் தெம்பு வரும் என்று சொல்லப்படுவதால், இனிப்பு பானத்தைக் கொப்பளித்துத் துப்பும் வித்தையையும் முயன்றேன். ஒரு மணி நேர ஓட்டங்களில் லேசான உற்சாகம் வருகிறது, ஆனால் அது எதிர்பார்ப்பினாலா சர்க்கரையினாலா என்று தனியாகப் பிரிக்க வழியில்லை.

இதெல்லாம் களைப்புக்கு மட்டும்தான். மூட்டில் குத்துகிற வலி, வெயிலில் தலைசுற்றல், நெஞ்சில் இறுக்கம் வந்தால் எந்த வாக்கியமும் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட வேண்டும். சாப்பிடாமல் போய் கிளைகோஜன் (உடம்பில் சேமித்துவைத்த சர்க்கரை) தீர்ந்தாலும் மனசைக் குறைசொல்லிப் பயனில்லை.

அடுத்து, முடிவு எங்கே என்று தெரியாமல் ஓடிப் பார்க்கப் போகிறேன். வாட்ச் நண்பர் கையில் இருக்கும், எப்போது நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்வார். சிரம எண் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 16-க்கு மேல் போகும் என்பது என் ஊகம், அவர் 14 என்கிறார்.