ரகூ கொதிக்கும் நேரத்தில் ஒரு வினாடி வினா

இத்தாலியின் போலோன்யா நகரில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு, பத்திரத்தில் வீட்டுக்கார அம்மாவுக்குச் சொந்தம். ஆட்சி மட்டும் எண்பதைத் தாண்டிய அவருடைய தாயார் கையில். பாட்டியை இங்கே ‘நோன்னா’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரகூ என்ற இறைச்சிக் குழம்பு அடுப்பில் மூன்று நான்கு மணி நேரம் முனகிக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் பசித்தவர்கள் யாரும் மூடியைத் திறந்து பார்க்காமல் இருப்பதற்காகவே நோன்னா வினாடி வினா நடத்துகிறார் என்பது என் சந்தேகம். கேள்வி கேட்பவர், மதிப்பெண் போடுபவர், மேல்முறையீட்டை விசாரித்துத் தள்ளுபடி செய்பவர் எல்லாம் அவரே.

போன ஞாயிறு போட்டியில் மூன்று பேர். மாடியறையில் தங்கி இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் பிரெஞ்சு இளைஞன், விருந்துக்கு வந்திருந்த அவனுடைய ஜெர்மானியத் தோழி, நான். அந்தப் பெண் படித்துக்கொண்டு வந்திருந்தாள் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

“இந்த ஊர்த் தாலியாதெல்லேயின் அகலம் எவ்வளவு?” நாடா போல நீளமாக வெட்டிய பாஸ்தா அது.

“வெந்த பிறகு 8 மில்லிமீட்டர்” என்றாள் பட்டென்று. அதோடு விட்டாளா? இந்த ஊர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு என்றும் சேர்த்துச் சொன்னாள். நோன்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு முறை தலை முதல் கால் வரை பார்த்தார். மருமகளாக்கப் பேரன் எவனும் மிச்சமில்லையே என்ற ஏக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

விடை சரிதான். 1972-ல் அந்த அளவில் தங்கத்தால் ஒரு தாலியாதெல்லே செய்து, இந்த ஊர் வணிகச் சபையில் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தங்கத்தில் தாலி செய்யும் ஊரிலிருந்து வந்தவன் நான். எனக்கே இது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. பத்தாண்டு கழித்து, 1982-ல், ரகூவின் செய்முறையையும் அதே சபையில் கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள். அதில் பூண்டு கிடையாது. ‘ஸ்பாகெட்டி போலோனேஸ்’ என்று உலகமே சாப்பிடும் பண்டமும் இந்த ஊரில் கிடையாது. இங்கே ரகூ தாலியாதெல்லேயோடுதான் சேரும். போன வருடம் ஒரு விருந்தாளி ஸ்பாகெட்டி போலோனேஸ் கேட்டுவிட்டாராம். அவரைப் பற்றி இந்த வீட்டில் இறந்தகாலத்தில்தான் பேசுகிறார்கள்.

அடுத்த கேள்வி, பாஸ்தா இத்தாலிக்கு எப்படி வந்தது என்பது. பிரெஞ்சுக்காரன் முந்திக்கொண்டு, “மார்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார்” என்றான். நோன்னா இந்தப் பதிலுக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மார்கோ போலோ பிறந்தது எப்போது?”

“1254.”

“சிசிலியில் பலேர்மோவுக்குப் பக்கத்தில் திராபியா என்ற ஊரில் மாவை நூல் நூலாக்கி, காயவைத்து, கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர் எழுதியது 1154. நூறு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை எதைக் கொண்டுவந்தது?”

சீனக் கதையைப் பரப்பியதில் பெரிய பங்கு 1929-ல் அமெரிக்க மக்ரோனித் தொழிலுக்கான பத்திரிகை ஒன்றில் வந்த கற்பனைக் கதைக்கு உண்டு என்று வீட்டுக்கார அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். “அமெரிக்கர்கள்” என்றார் நோன்னா. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு மதிப்பெண் கழிந்தது.

பிறகு விடுகதைச் சுற்று. “பேசாத நாக்கு, கேட்காத காது, பறக்காத பட்டாம்பூச்சி. மூன்றும் ஒரே கடையில் கிடைக்கும். என்னென்ன?” விடுகதை என்றால் நம் ஊர்க்காரனுக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். லிங்குவினே, ஒரெக்கியெத்தே, ஃபர்ஃபாலே என்று மூன்று பாஸ்தாக்களின் பெயரை மூச்சுவிடாமல் சொன்னேன். நாக்குக்கும் காதுக்கும் முழு மதிப்பெண் கிடைத்தது. பட்டாம்பூச்சிக்குப் பாதிதான். ஏனென்றால் போலோன்யாவில் அதற்கு ‘ஸ்திரிகெத்தி’ என்று பெயராம். “கேள்வியில் பட்டாம்பூச்சி என்றுதானே சொன்னீர்கள்?” என்று முறையிட்டேன். முறையீட்டுக்கு ஒரு கால் மதிப்பெண் கழிந்தது. நோன்னா நடுவராக இருக்கும் இடத்தில் நியாயம் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்.

“பாதிரியார்களின் கழுத்தை நெரிக்கும் பாஸ்தா எது?” என்ற கேள்விக்கு மூவருமே கத்தினோம்: ஸ்திரோத்சப்ரேத்தி. பேராசையோடு அள்ளி விழுங்கிய பாதிரியாருக்குத் தொண்டை அடைத்தது என்று ஒரு கதை. குத்தகைப் பணம் வாங்க வந்த பாதிரியாருக்கு மாவைப் பிசைந்து போட்ட குடியானவப் பெண்கள், பிசையும்போதே சாபத்தையும் சேர்த்துப் பிசைந்தார்கள் என்று இன்னொரு கதை. 1859 வரை இந்தப் பகுதியைப் போப்பாண்டவரே ஆண்டார் என்பதை நினைத்துப் பார்த்தால் இரண்டாவது கதையில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். நோன்னா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். இந்தக் கேள்வியை மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

இத்தாலியில் சொல்விளையாட்டு என்றால் ‘செத்திமானா எனிக்மிஸ்திகா’தான். 1932 முதல் வரும் புதிர் வார இதழ். கடற்கரையில், ரயிலில், பல் மருத்துவரின் வரவேற்பறையில் எங்கும் யார் மடியிலாவது அது விரிந்திருக்கும். நோன்னா அதன் தீவிர பக்தை. அதில் வரும் ஒரு வகைப் புதிரில் ஒரு சொல்லின் உயிரெழுத்தை மட்டும் மாற்றி வேறு சொல் காண வேண்டும். “பாஸ்தாவின் நடுவில் ஓர் எழுத்தை மாற்று, கடிதம் வரும். இன்னொரு தரம் மாற்று, கார்ப் பந்தயம் ஓடும்.” போஸ்தா தபால், பீஸ்தா ஓடுதளம். முதல் உயிரெழுத்தை விட்டுக் கடைசியை மாற்றினால் பாஸ்தோ. அது ஒரு வேளைச் சாப்பாடு. இரண்டையும் மாற்றினால் பெஸ்தோ. அது ஜெனோவாக்காரர்கள் துளசிக் குடும்பத்து இலையை இடித்துச் செய்யும் பச்சைக் குழம்பு. ஜெர்மன் பெண் நான்கையும் சொல்லி முடித்தபோது நான் இரண்டாவதில் நின்றுகொண்டிருந்தேன்.

அவளுடைய வெற்றி நடை தடுமாறியது பென்னேயில்தான். இறகுப் பேனா முனை போலச் சாய்வாக வெட்டிய குழாய் பாஸ்தா. விடை அவளுக்குத் தெரியும். வாயில்தான் வரவில்லை. ஒற்றை ‘ன’ போட்டுச் சொன்னாள். அப்படிச் சொன்னால் இத்தாலியனில் அது ஆண்களின் உறுப்பு. வீட்டுக்கார அம்மா கரண்டியோடு வெளியே ஓடிவந்துவிட்டார். நோன்னா, “இன்னொரு முறை சொல் மகளே, காது சரியாகக் கேட்கவில்லை” என்று கண்ணீர் வரச் சிரித்தார். அவள் இன்னும் தெளிவாக, இன்னும் உரக்க, அதே ஒற்றை ‘ன’வோடு சொன்னாள். பலிக்கும் பல்லிக்கும் வேறுபாடு கேட்டே வளர்ந்த தமிழனுக்கு இரட்டித்துச் சொல்வது ஒரு பாடா? “பென்னே” என்று அழுத்திச் சொன்னேன். வந்த இரண்டு மதிப்பெண்ணும் தொல்காப்பியருக்குச் சேர வேண்டியவை.

கார் வடிவமைப்பாளர் ஜுஜாரோவைப் பற்றிய கேள்வி விரைவாக முடிந்தது. முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை வரைந்த அதே கை, 1983-ல் ‘மரில்லே’ என்று ஒரு பாஸ்தாவையும் வரைந்தது. பார்க்க அழகு, ஓரிடம் வேகும், ஓரிடம் வேகாது. கடைகளில் நிலைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பிரெஞ்சுக்காரன், “நான் ஒரு கேள்வி கேட்கலாமா?” என்று எழுந்தான். அலமாரியிலிருந்து காய்ந்த ஸ்பாகெட்டி ஒரு கைப்பிடி எடுத்தான். “ஒன்றை எடுத்து இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் எத்தனை துண்டாகும்?” இரண்டு என்றோம். படீர். நான்கு துண்டு, அதில் ஒன்று மாதா படத்தின் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. இயற்பியல் மேதை ஃபைன்மன்கூடச் சமையலறை முழுக்க உடைத்துப் போட்டும் காரணம் கண்டுபிடிக்கவில்லை என்றான். படீர். பாரிஸைச் சேர்ந்த இருவர் கண்டுபிடித்து 2006-ல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு பெற்றார்கள். முதல் முறிவு கிளப்பும் அலை, மீதியை இன்னும் வளைத்து உடைக்கிறது என்றான். படீர். 2018-ல் எம்.ஐ.டி.யில், முறுக்கிக்கொண்டே வளைத்தால் சரியாக இரண்டாக உடையும் என்று காட்டினார்கள் என்று சொல்லி, முறுக்கத் தொடங்கினான். உற்சாகத்தில் நோன்னாவின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. இத்தாலிய வீட்டில் ஸ்பாகெட்டியை உடைப்பதும் நம் வீட்டில் செருப்போடு பூசையறைக்குள் நுழைவதும் ஒன்று.

“உன் அம்மா உயிரோடு இருக்கிறாளா?” என்று கேட்டார் நோன்னா.

“இருக்கிறார்.”

“நீ இப்படிச் செய்வது அவளுக்குத் தெரியுமா?”

சமாதானம் செய்ய நினைத்த வீட்டுக்கார அம்மா, “நேப்பிள்ஸில் ஜீத்தி என்ற நீளக் குழாய் பாஸ்தாவைக் கையால் உடைத்துத்தானே அம்மா சமைக்கிறார்கள்” என்றார். “நேப்பிள்ஸில் என்னென்னவோ செய்வார்கள்” என்றார் நோன்னா. ஐந்து மதிப்பெண் கழிந்தது. நொறுங்கியவற்றை ஒன்று விடாமல் பொறுக்கச் சொல்லி, மறுநாள் சூப்பில் போட ஜாடியில் நிரப்பிக்கொண்டார்.

தாலியாதெல்லே வந்தது. அதைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே இருப்பேன், விட்டுவிடுகிறேன். தட்டுகள் காலியானபோது ஜெர்மன் பெண் எல்லோருக்கும் மேலே இருந்தாள். நோன்னா மிக அன்பாக, “காபி என்ன போடட்டும், கண்ணே?” என்று அவளைத்தான் முதலில் கேட்டார்.

“கப்புச்சினோ” என்றாள் அவள்.

பால் கலந்த காபி காலைக்கு உரியது. வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு அதைக் கேட்கிறவர் நோன்னாவின் கணக்கில் தேர்ச்சி பெற முடியாது. பேனாவை எடுத்து அவளுடைய வரிசை முழுவதையும் மேலிருந்து கீழாக ஒரே கோடாக அடித்தார். “அதுதான் கடைசிக் கேள்வி” என்றார்.

நான் எஸ்பிரெசோ கேட்டேன். பரிசாகச் ‘செத்திமானா எனிக்மிஸ்திகா’வின் பழைய இதழ் ஒன்று கிடைத்தது. எல்லாக் கட்டங்களும் ஏற்கெனவே நோன்னாவின் கையெழுத்தில், மையால் நிரப்பப்பட்டிருந்தன.