மூன்றாம் நாள் தாவத் தொடங்கும் பூனை

பெண் பூனைக்குக் கருத்தடை அறுவை செய்து வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் முதல் இரவை நினைத்தே அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில், கண்ணும் கருத்துமாக இருக்கவேண்டிய நாட்கள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. மூன்றாம் நாளுக்குள் மயக்கம் நன்றாகத் தெளிந்து, பசியும் திரும்பி, பூனை பழையபடி பீரோவின் மேல் தாவப் பார்க்கும். வீட்டில் இருப்பவர்களும் தேறிவிட்டாள் என்று நிம்மதியடைந்து கதவைத் திறந்துவிடுவார்கள். ஆனால் வயிற்றைத் திறந்து, சூலகங்களையும் பெரும்பாலும் அவற்றோடு கருப்பையையும் அகற்றி, இரத்தக் குழாய்களைக் கட்டி, தசையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்திருக்கிறார்கள். மேல்தோல் ஒட்டிக்கொண்டதால் உள்ளே இருக்கும் தசையும் வலுப்பெற்றுவிட்டதாக எண்ணிவிட முடியாது. 10 முதல் 14 நாட்கள் வரை ஓடவும் தாவவும் விடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எங்கள் குட்டிம்மாவுக்கு அறுவை முடிந்தபோது, கட்டில், மேசை எதுவும் இல்லாத சிறிய அறை ஒன்றை ஒழித்து, தரையில் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போட்டோம். மயக்கம் முழுவதும் தெளியாத பூனை நிற்க முயன்று பின்னங்கால் மடங்கி விழும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெண்மையான சவ்வு ஒன்று பாதி விழியை மூடியிருக்கும். பார்க்கவே மனம் பதறினாலும், அந்தச் சில மணி நேரத்துக்கு அது இயல்பானதுதான். மயக்க மருந்தால் உடல் வெப்பம் குறையும் என்பதால், நமக்குப் புழுக்கமாக இருந்தாலும் பூனைக்கு நேராக மின்விசிறியைச் சுழலவிடக் கூடாது. குட்டிம்மாவின் காதுகள் சில்லென்று இருந்ததைப் பார்த்து, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி அருகில் வைத்தோம். சூடு அதிகமானால் விலகிப் போகக்கூட அந்த நிலையில் பூனையால் முடியாது. ஆகையால் பாட்டிலை உடம்போடு ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பதே சரி.

வலிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்ததைத் தவிர வேறு எதையும் கொடுக்கக் கூடாது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். நம் வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தச் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஒரே மாத்திரையில் உயிர் போய்விடலாம். பூனைகளுக்குக் கொடுக்கும் மெலாக்சிகாம் போன்ற மருந்துகளைக்கூட எடைக்கேற்பக் கணக்கிட்டு மருத்துவர்தான் தரவேண்டும். வலி இருக்கிறதா என்பதைப் பூனை கத்திச் சொல்லாது. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்களை இடுக்கி, தொட்டால் விலகி உட்கார்ந்திருந்தால் வலிக்கிறது என்று பொருள். தொண்டைக்குள் குர்குர் என்று ஒலி எழுப்பிக்கொண்டே மடியில் படுத்திருப்பதை மட்டும் வைத்து வலியில்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் வலியிலும் பூனை அப்படி ஒலி எழுப்பும்.

தையலைக் காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். விளிம்பில் இலேசான சிவப்பும், தையலுக்கு அடியில் கெட்டியான சிறு வீக்கமும் பல பூனைகளுக்கு வந்து தானாக மறையும். வீக்கம் நாளுக்கு நாள் பெரிதானாலோ, சீழோ துர்நாற்றமோ இருந்தாலோ, இரத்தம் சொட்டினாலோ, தையல் பிரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. ஈறுகள் வெளுத்துப் போயிருந்தால் உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று ஐயப்பட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை அறுவைக்கு முன்பே விசாரித்து எண்ணைக் குறித்துவைப்பது நல்லது.

பெரியவர்கள் அக்கறையோடு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துக் கொண்டுவருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள். பூசியதை நக்கும் ஆசையில் பூனை தையலையே பிரித்துவிடும். டெட்டால் போன்ற கிருமிநாசினிகள் பூனைக்கு நச்சு; தையலில் தடவுவதற்கு மட்டுமல்ல, அந்த அறையைத் துடைப்பதற்கும் அவை வேண்டாம். நம் ஊரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை ஈயும் எறும்பும். ஈரமான புண்ணில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். மிச்ச உணவை உடனுக்குடன் எடுத்துவிட்டு, சன்னலுக்குக் கொசுவலை அடித்து, அறையை ஈரமில்லாமல் வைத்திருந்தாலே பெரும்பகுதி தொல்லை தீரும். கழிவுத் தட்டில் மணலுக்குப் பதிலாகக் கிழித்த செய்தித்தாளைப் போட்டால் தையலில் துகள் ஒட்டாது.

பூனையின் நாக்கு அரம் போல முட்கள் கொண்டது. சில நிமிடம் விடாமல் நக்கினால் தையல் நூலே இளகிவிடும். அதனால்தான் கழுத்தில் கூம்பு மாட்டுகிறார்கள். அதை மாட்டிய பூனை பின்னோக்கி நடக்கும், சுவரில் இடித்துக்கொள்ளும், தட்டில் வாய் எட்டாமல் தவிக்கும். சாப்பிடும்போது நாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கழற்றிவிடலாம். குட்டிம்மா கூம்பை ஏற்கவே இல்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பழைய முழுக்கை டி-சர்ட்டின் கையை வெட்டி, கால்களுக்கு நான்கு ஓட்டை போட்டு, பின்பக்கம் வால் அருகே தாராளமாகத் திறந்துவிட்டு மாட்டினோம். அக்குளில் இறுகாமலும் சிறுநீரில் நனையாமலும் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கவேண்டும். நனைந்தால் உடனே மாற்றவேண்டும்.

முதல் வேளை கொஞ்சமாகத்தான் தரவேண்டும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த, எலும்பு நீக்கிய கோழியோ மீனோ போதும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு ஒரு துளிகூடக் கூடாது. பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். சிறுநீர் கழிக்கவில்லை என்றாலும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

வீட்டில் வேறு பூனை இருந்தால், கூடவே வளர்ந்த உடன்பிறப்பாக இருந்தாலும் சீறக்கூடும். மருத்துவமனை வாடை அதற்கு அந்நியமாகத் தெரிவதுதான் காரணம். வாடை மறையும்வரை பிரித்து வையுங்கள்.

தையல் பிரிக்கவேண்டிய வகையானால் சொன்ன தேதியில் போய்விடவேண்டும். கரையும் நூல் என்றாலும் ஒருமுறை காட்டிவருவதே மேல். மருத்துவர் தையலைத் தடவிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மாடிப்படியும் பீரோவும். அதன் பிறகு வரும் மாதங்களில் பசி கூடும், உடலுக்குத் தேவையான உணவோ குறையும். எனவே கேட்கும்போதெல்லாம் போடாமல், அளந்து வைக்கப் பழகி, மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்துவாருங்கள்.