ஷெவ்ரான் பி8 வாங்குமுன்: ஒரு பணிமனை நாட்குறிப்பு

ஜனவரி 9

வண்டியைத் தேடும் முன் எந்தப் பந்தயத்தில் ஓட்டப்போகிறோம் என்பது முடிவாக வேண்டும். பழைய பந்தய கார்களுக்கென்றே நடக்கும் போட்டிகளில், பிரான்சின் லெ மான் கிளாசிக்கில் 1966 முதல் 1971 வரையிலான வண்டிகளின் பிரிவு, இங்கிலாந்தில் கார்ட்ஸ் டிராஃபி: இந்த இரண்டுக்கும் பொருந்துவது 1960களின் பந்தய காரான ஷெவ்ரான் பி8. டெரெக் பென்னட் இங்கிலாந்தின் போல்டன் நகரில் உருவாக்கியது. குழாய்ச் சட்டம் (எல்லாப் பாகங்களையும் தாங்கும் எஃகுக் குழாய்க் கூடு), கண்ணாடியிழை உடல், இருக்கைக்குப் பின்னால் பி.எம்.டபிள்யூ. இரண்டு லிட்டர் இன்ஜின், ஹ்யூலண்ட் எஃப்.டி.200 ஐந்து வேக கியர்பாக்ஸ்.

1969-இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற லோலா டி70 மீது பலருக்கும் ஆசை உண்டு. ஆனால் அதன் ஐந்து லிட்டர் வி8 இன்ஜினுக்கு டயர், பெட்ரோல், கியர்பாக்ஸ் என்று எல்லாச் செலவும் கூடும். முதல் வண்டிக்கு பி8 போதும். நல்ல ஓட்டுநர் கையில் அது பெரிய வண்டிகளை வளைவுகளில் நெருக்கும்.

ஜனவரி 15

இன்று காகிதங்கள் மட்டும். விற்பவர்கள் முதலில் நீட்டுவது, உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் வரலாற்றுத் தொழில்நுட்ப பாஸ்போர்ட். பத்து ஆண்டு செல்லுபடியாகும் அந்த ஆவணம், வண்டியின் அமைப்பு அதன் காலத்து விதிக்குப் பொருந்துகிறது என்று மட்டுமே சொல்கிறது. இதுதான் அசல் வண்டி என்பதற்கு அது சான்று ஆகாது. புதிதாகச் செய்த வண்டிக்கும் அது கிடைக்கும். இதை அறியாமல் அசல் விலை கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சேசிஸ் எண், அதாவது சட்டத்துக்குரிய அடையாள எண், 'சி.எச்.-டி.பி.இ.' என்று தொடங்கும். எண் பொறித்த தகட்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போன விற்பனைச் சீட்டுகள் இடைவெளி இல்லாமல் வர வேண்டும். அந்தக் காலப் புகைப்படங்களில் தெரியும் ரிவெட் வரிசை, கண்ணாடிக் கீல், காற்றுத் துளை ஆகியவற்றை இன்றைய உடலோடு ஒப்பிட வேண்டும். ஆனால் கண்ணாடியிழை உடல் பலமுறை மாறியிருக்கும். உள்ளே உள்ள தகடுகளின் ரிவெட்டுகளுக்கே மதிப்பு அதிகம்.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி: குழாய்ச் சட்டம் எப்போதாவது மாற்றப்பட்டதா? மாற்றியிருந்தால் பழைய சட்டம் எங்கே? அது வேறொருவர் கொட்டகையில் கிடந்தால், நாளைக்கு அதன்மேல் இன்னொரு வண்டி எழும்பும். ஒரே எண்ணுக்கு இரண்டு வண்டிகள் உரிமை கொண்டாடும். இரண்டின் விலையும் விழும்.

ஜனவரி 23

உடலைக் கழற்றி, இன்ஜினை இறக்கிப் பார்த்த நாள். சட்டத்தைப் பார்க்க ஒரு முழு நாள் ஒதுக்காத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். தாழ்வான பகுதியில், குறிப்பாகத் தரைத்தகடு ஒட்டி ரிவெட் அடித்த இடத்தில் ஈரம் தங்கும். சிறு சுத்தியலால் வரிசையாகத் தட்டினால் மெலிந்த இடத்தில் ஓசை மட்டுப்படும். சந்தேகம் வந்தால் ரிவெட் துளை வழியே போரோஸ்கோப் (மெல்லிய குழல் கேமரா) விட்டுப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் குழாய்ச் சட்டங்கள் பெரும்பாலும் வெண்கலக் கம்பியால் பற்றவைத்தவை. அதன்மேல் யாராவது மிக் வெல்டிங் (மின்பொறியால் எஃகையே உருக்கி ஒட்டும் முறை) செய்திருந்தால், வெண்கலத்தில் உள்ள செம்பு உருகி, எஃகின் நுண்படிகங்களுக்கிடையே புகுந்து பக்கத்திலேயே விரிசல் விடும். மஞ்சள் இணைப்பின் மேல் சாம்பல் நிற வெல்டிங் தெரிந்தால், அந்த முனையை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் வைக்கும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் நீண்ட கம்பியான ரேடியஸ் ஆர்ம், சட்டத்தோடு சேரும் தாங்கிகள்தான் அதிகம் விரிசல் விடும் இடம். பிரேக் விசையும் இன்ஜின் விசையும் அங்கேதான் மாறிமாறி இழுக்கின்றன.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான அச்சுத் தூரத்தை இடம், வலம் தனித்தனியாக அளந்தோம். 3 மி.மீ.க்குள் வித்தியாசம் என்றால் சரிசெய்துகொள்ளலாம். அதற்கு மேல் போனால், சஸ்பென்ஷன் சரியாக இருந்தும் சட்டம் வளைந்திருக்கிறதா என்று மூலைவிட்டங்களை அளக்க வேண்டும்.

ஜனவரி 24

மெக்னீசியம் வார்ப்புகள். பெயின்டுக்குக் கீழே கொப்புளமும் வெள்ளைப் பொடியும் இருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. விரிசலில் சாயம் ஊறவிட்டுப் பார்க்கும் டை பெனட்ரன்ட் சோதனையைப் பெயின்டைச் சுரண்டாமல் செய்தால் பயன் இல்லை. விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் முக்கோணக் கை) போன்ற எஃகுப் பாகங்களுக்கு, விரிசலைக் காட்டும் காந்தத்தூள் சோதனை. பழைய மெக்னீசியம் சக்கரங்களைச் சுவரில் மாட்டி வையுங்கள். ஓடுவதற்கு அதே அளவில் புதுச் சக்கரம்.

பிப்ரவரி 3

இன்ஜின். சிலிண்டரின் துளை 89 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 80 மி.மீ., நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1990 சி.சி. துளையை 89.2 வரை பெருக்கினால் 1999.7 சி.சி.; 89.25 ஆனால் இரண்டு லிட்டர் வரம்பு தாண்டிவிடும். ஆகவே பிளாக் ஏற்கெனவே 89.2-இல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அடுத்த முறை துளைக்குள் புது உறை (ஸ்லீவ்) போடுவதுதான் வழி.

சூடான இன்ஜினில் லீக்டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் அழுத்திய காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது: 5 சதவீதத்துக்குள் நல்லது, 10 என்றால் கவனிக்க வேண்டும், 15 தாண்டினால் திறக்க வேண்டும். காற்று சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் டேங்கில் என்றால் பிஸ்டன் ரிங். தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

கடைசியாகக் கட்டியதிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதிய பதிவு இல்லையென்றால், முழு மறுகட்டுமானச் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

பிப்ரவரி 6

கியர்பாக்ஸின் பின்மூடியைக் கழற்றினாலே பற்சக்கரங்கள் வெளியே வரும். இன்ஜினைத் தொட வேண்டியதில்லை. கியரைக் கோத்துப் பிடிக்கும் பல் வளையங்களான டாக் ரிங்குகளின் முனை கூராக இருக்க வேண்டும். உருண்டிருந்தால், ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்றுவிடும். வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் பூஞ்சை போன்ற தூள் இயல்பு; செதில் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. கூடவே எத்தனை ஜோடி பற்சக்கரங்கள் தருகிறார்கள் என்பதை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 12

காலாவதித் தேதிகள். எஃப்.ஐ.ஏ.வின் எஃப்.டி.3 தரத்தில் செய்த பெட்ரோல் பைக்கு (டேங்குக்குள் இருக்கும் ரப்பர் பை), செய்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு. தயாரிப்பாளர் சோதித்துச் சான்றளித்தால் மேலும் இரண்டு. பழைய பையின் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு பொடிந்து ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் மூச்சுத் திணறுகிறது என்று கார்புரேட்டரைக் குடைபவர்கள் முதலில் இதைப் பாருங்கள். தீயணைப்பான், சீட் பெல்ட் ஆகியவற்றின் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 21

ஒப்பந்தத்தில் இரண்டு வரி விடுபடக் கூடாது. பழைய சட்டத்தின் துண்டுகள் உட்பட அந்தச் சேசிஸ் எண்ணுக்குரிய எல்லாமே வண்டியோடு வரும் என்பது ஒன்று. அதே எண்ணுக்கு வேறு யாரும் உரிமை கோரவில்லை என்று விற்பவர் எழுத்தில் உறுதி தருவது இன்னொன்று.

மார்ச் 16

முதல் ஓட்டம், பாதி வேகத்தில் சில சுற்று மட்டும். வந்ததும் சக்கர நட்டு, ரேடியஸ் ஆர்ம் பூட்டு நட்டு, சக்கர பேரிங் ஆட்டம், பிரேக் எண்ணெய் மட்டம். பிறகு ஆயில் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. சம்ப்பை (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தட்டு) திறந்து பார்க்கும் வரை இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.