தயோசல்பேட் போடாத பாட்டில்

தண்ணீர் ஆய்வகத்தில் வேலை என்றதும், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குடுவைகளோடு உட்கார்ந்திருப்பேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். என் நாட்களில் பாதி தாமிரபரணி மணலில்தான் போனது. எங்கள் பக்கத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பலவற்றில் ஆற்றிலிருந்து நேராகத் தண்ணீர் எடுப்பதில்லை. படுகையில் உறைகிணறு இறக்கி, மணல் வழியாக ஊறிவரும் நீரை மோட்டார் வைத்து ஏற்றுவார்கள். காசு வாங்காமல் வடிகட்டித் தருவது அந்த மணல். அதை அள்ளிவிட்டு, அப்புறம் எவ்வளவு பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டினாலும் எனக்கு மனம் ஒப்பாது.

ஆற்றில் மாதிரி எடுக்க ஒரு முறை உண்டு. கரையோரம் தேங்கிய நீர் கூடாது. ஓட்டமுள்ள இடத்தில் இறங்கி, பாட்டிலின் வாய் நீர் வரும் திசையைப் பார்க்க, ஓரடி ஆழத்தில் பிடிக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜன் பார்ப்பதற்கு எடுத்த நீரில் அங்கேயே இரண்டு ரசாயனங்களை விட்டு, மூடிக் குலுக்குவோம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வீழ்படிவு வரும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். பாபநாசத்துக்கு மேலே எடுத்த பாட்டிலில் அது கருப்பட்டி நிறத்தில் இறங்கும். சாக்கடைகள் வந்து சேர்ந்த பிறகு எடுத்ததில் நிறம் வெளிறிப்போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் நாள் எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் வருடம் ஒரு ஊரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தது. போனோம். நாங்கள் வருவது தெரிந்து, மேல்நிலைத் தொட்டியில் அப்போதுதான் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். குழாயில் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மூன்று மணி நேரப் பயணத்தில் ஆய்வகம் சேர்த்தேன். சோதனைக் குழாய்களை 37 டிகிரியில் வைத்து, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பார்த்தேன். கிருமி இருந்தால் வாயுக் குமிழி வரும். ஒன்றில்கூட இல்லை. கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கிருமி வகை கோலிஃபார்ம். 'கோலிஃபார்ம் கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினேன்.

ஆனால் அந்த ஊர் நர்ஸ் விடவில்லை. இன்னும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறோம் என்று போன் செய்தார். என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "பாட்டில்ல தயோசல்பேட் போட்டியாம்மா?"

போடவில்லை. பாட்டிலைக் கிருமி நீக்கம் செய்வதற்கு முன்பே அதில் சில துளி விட்டிருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரிலிருந்து நீரில் கலந்த குளோரினை அது அந்தக் கணத்திலேயே முறித்துவிடும். அது இல்லாததால் வரும் வழியெல்லாம் குளோரின் பாட்டிலுக்குள் கிருமிகளைக் கொன்றுகொண்டே வந்திருக்கிறது. குழாயடியில் அந்த மக்கள் குடத்தில் பிடித்த நீர் வேறு, நான் சோதித்த நீர் வேறு. மறுபடி போய் ஒழுங்காக எடுத்தபோது குழாய்களில் குமிழி ஏறியது. சாக்கடைக்குள் போன பைப்பில் இணைப்பு விட்டிருந்தது. தண்ணீர் விடாத நேரத்தில் பைப்பு காலியாகும்போது சாக்கடையை உள்ளே இழுத்திருக்கிறது. நான் தப்பாக எழுதிய அந்தத் தாளால் மூன்று நாள் வீணானது. அந்த மூன்று நாளை இன்றும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்குத்தான் முதலில் போவேன். எஞ்சிய குளோரின் அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு நாள் கணக்கில் ஆகும், அதற்குள் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும். குளோரின் பார்ப்பது ஒரு நிமிட வேலை. சோதனை மருந்து விட்டும் நிறம் வராவிட்டால் அங்கேயே பம்ப் ஆபரேட்டர் அண்ணாச்சிக்குப் போன் போட்டுவிடலாம்.

ஒரு ஊரில் அப்படிக் குழாயடியில் நின்றபோது ஒரு ஆச்சி வந்தார். "இந்தத் தண்ணி மருந்து வாடை அடிக்கு தாயி. குடிக்கதுக்கு ஆத்துல போயி ஒரு குடம் கொண்டாந்துருவோம்" என்றார். எனக்குப் பகீரென்றது. மேலே ஆற்றில் சாக்கடை கலந்தால் நீரில் அம்மோனியா ஏறும். போடுகிற குளோரினை முதலில் அதுதான் தின்னும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வாடை தூக்கலாக அடிக்கும். அதாவது ஆறு கெட்டதால் குழாயில் வாடை, அந்த வாடையைப் பொறுக்காமல் ஆச்சி போவது அதே ஆற்றுக்கு.

விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினார், நம்பவில்லை. அவருடைய குடத்திலிருந்து ஒரு சோதனைக் குப்பியிலும், குழாயிலிருந்து இன்னொன்றிலும் கோடு வரைக்கும் நீர் ஊற்றி மூடினேன். மலக் கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும் குப்பி அது. மூன்றாம் நாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். குழாய்த் தண்ணீர் அப்படியே இருந்தது. குடத்துத் தண்ணீர் மை போல. ஆச்சி வாங்கி வெயிலில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் வாடை குறையும் என்றேன். சரி என்றார். அன்று காலை கொண்டுவந்த குடம் திண்ணையில் இருந்தது. அதைத் தூக்கிக் கொண்டுபோய் முருங்கை மூட்டில் கவிழ்த்தார்.