மூன்று அடி மண்

களியக்காவிளைக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் சண்டை என்றால் பெரும்பாலும் வழிச்சண்டைதான். நிலம் சென்ட் கணக்கில் துண்டுபட்டுக் கிடப்பதால், முன்வீட்டுக்காரர் மனம் வைத்தால்தான் பின்வீட்டு வாசலுக்கு வண்டி வரும். மனம் வைக்காத அந்த முன்வீட்டுக்காரன் இரண்டு ஆண்டுகளாக நான்தான்.

எனக்கு 40 சென்ட் இருக்கிறது. பின்னால் தனியாக வாழும் வயதான மாமியின் வீட்டுக்கு மூன்று அடி நடைவழி மட்டுமே உண்டு. அறுபது அடி நீளத்துக்கு என் வேலியை மூன்று அடி உள்ளே தள்ளினால் ஆட்டோ போகும். வேலியோரத்தில் நாலு மூடு மட்டி வாழை நின்றது. மாமி கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம் மாமி" என்பேன். இத்தனைக்கும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகக் கவரை நான் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைக் கடைவிலையைப் போல ஐந்து மடங்கு கொடுத்து எடுத்தவன். (அந்தப் பூசணிக்காயை ஊரே பார்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, காய்ச்சலில் துவண்டு போயிருந்த மாமியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். நான் டார்ச் அடித்தபடி முன்னால் நடந்தேன். நாற்காலியின் கால் ஒன்று என் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கும்வரை மழையில் நனைந்துகொண்டிருந்தவர், "உனக்கும் சிரமம் மக்களே" என்று என்னிடம் சொன்னார்.

பைபிளில் லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வரும் மதிகெட்ட ஐசுவரியவானின் உவமையை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். என் விளைச்சல், என் களஞ்சியம் என்று தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அந்த மனிதனின் கதையை இயேசு சொல்ல நேர்ந்ததே, சகோதரன் சொத்தைப் பங்கிட்டுத் தரவில்லை என்று ஒருவன் முறையிட வந்ததால்தான் என்பதை அந்த இரவுக்குப் பிறகே கவனித்தேன். நம் ஊர்ப் பத்திரத் தகராறு அங்கேயும் இருந்திருக்கிறது.

அதைவிட என்னைக் குத்தியது லேவியராகமம் 19:9-10. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடச் சொல்லும் கட்டளை அது. மோவாபியப் பெண்ணான ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கியதும் இத்தகைய உரிமையினால்தான். எவ்வளவு ஓரம் என்று மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் சொல்லவில்லை. பிற்காலத்து யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று வரம்பு வைத்தது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமி கேட்டது 180 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குச் சற்று மேல். என் நாற்பது சென்டில் அறுபதில் ஒரு பங்கு 290 சதுர அடி வருகிறது. கேட்கப்பட்டது அந்தக் குறைந்தபட்ச அளவைக்கூட எட்டவில்லை. கவரில் போடும் பணம் நானே குறித்த தொகை, நானே குறித்த நாளில் போகிறது. ஓரமோ இன்னொருவருடைய தேவை வந்து நம் எல்லையைத் தொடும் இடம், அங்கேதான் கை இறுகிவிடுகிறது.

என் அம்மா உலையில் அரிசி போடும் முன்பே ஒரு பிடியை எடுத்துப் பழைய பால்மாவு டப்பாவில் போட்டுவிடுவார். சபைப் பெண்கள் அதைச் சேகரித்து இல்லாத வீடுகளுக்குக் கொடுப்பார்கள். மலையாளக் கரையிலும் பிடியரி என்ற பெயரில் இவ்வழக்கம் உண்டு. சோறு மிஞ்சிய பிறகு கொடுத்தால் என்ன என்று சிறு வயதில் கேட்டதற்கு, "மிஞ்சினது கோழிக்கு" என்றார். பைபிளில் வரும் சாறிபாத் ஊர் விதவையிடம் எஞ்சியிருந்ததும் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான். அதிலும் முதல் அடையைத் தனக்குத் தரும்படி எலியா தீர்க்கதரிசி கேட்டபோது, அவள் கொடுத்தாள்.

வேலியை மாற்றிய நாளில், டேப் பிடித்து மூன்று அடிக்கு ஓர் அங்குலமும் கூடாமல் கல் நட்டேன். முதல் ஆட்டோ வளைவில் திணறி நின்றது. "அண்ணே, இங்க இன்னும் அரை அடி கிடைச்சா நல்லது" என்றார் ஓட்டுநர். அங்கே நின்ற வாழை குலை தள்ளியிருந்தது. உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில்தான் மண்வெட்டியை எடுத்தேன்.