வார்லி ஆலயத்தில் 121ஆம் சங்கீதம்

சிவனொளிபாதமலைப் பருவம். அட்டனில் நான் ஏறிய மஸ்கெலியா பஸ்ஸில் பாதிப் பேர் வெள்ளை உடுத்த யாத்திரிகர்கள். மடியில் போர்வைப் பொதியோடு ஒரு கிழவர், தோளில் தூங்கும் பிள்ளையோடு ஒரு தாய். விடிவதற்குள் உச்சியில் நிற்கவேண்டும் என்ற தவிப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது. நானும் அன்று யாத்திரைதான் போனேன். டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் இறங்கி, தேயிலைக்குள் போகும் பாதையில் நடந்தேன்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறது வார்லி ஆலயம். கட்டப்பட்டது 1878இல். அப்போது இந்த மலைப்பக்கம் ரயிலே வரவில்லை; அட்டனைத் தாண்டி நானுஓயாவை அது எட்டியது 1885இல்தான். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. தேயிலை இன்னும் வேரூன்றவில்லை. நாளைக்கு என்ன பயிர் என்று தெரியாத காலத்தில் கல்லால் ஓர் ஆலயம் எழுப்பியிருக்கிறார்கள். அது துணிவா, மன்றாட்டா என்று அங்கே போகும்போதெல்லாம் நினைப்பேன். கீழே பளபளக்கும் தண்ணீர் மிகப் பிந்தியது, 1960களில் அணை கட்டியபின் வந்தது.

கதவைத் திறந்துவிட்ட பெரியவர் மலையகத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியையே கேட்டார்: "எந்தத் தோட்டம், மகள்?"

அப்பாவின் அம்மா, என் அப்பாயி, கொழுந்து பறித்த தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். தலையசைத்துவிட்டு வெளியே போனார். அதற்குமேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

நான் போனது ஒரு பாட்டுக்காக. எங்கள் சபையின் லெந்துகாலக் கூட்டத்துக்கு ஒரு பாட்டு எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். மூன்று வாரம் எழுதினேன். கருணைக் கடல், அன்பின் ஊற்று, பாவியேன், ஏழையேன் என்று சொற்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் நல்ல சொல்தான். எத்தனையோ பேர் கண்ணீரோடு பாடிப் புனிதமான சொல். ஆனால் என் பாட்டில் அவை இரவல் நகைபோலத் தொங்கின. ஜெபத்தில் இரவல் கூடாது என்பது என் எண்ணம். அதனால் எழுதியதை மடித்து வைத்துவிட்டு, இரண்டு வேதாகமங்களைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். ஒன்று அப்பா வீட்டுப் பழைய மொழிபெயர்ப்பு. மற்றது கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அம்மாவின் திருவிவிலியம், 1995இல் வந்தது.

வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் வெளிச்சம் விழுந்த பெஞ்சில் அமர்ந்து 121ஆம் சங்கீதத்தை இரண்டிலும் விரித்தேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்கிறது அப்பாவின் வேதாகமம். அம்மாவுடையதோ மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்திவிட்டு, "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" என்று கேட்கிறது. ஒன்றில் மலையே உதவி வரும் திசை. மற்றதில் மலையைப் பார்த்ததும் கேள்வி எழுகிறது. பதில் மலையில் இல்லை, மலையைப் படைத்தவரிடம் இருக்கிறது. சிறுவயதிலிருந்து மனப்பாடமாய்ச் சொன்ன வசனத்துக்குள் இப்படி ஒரு கேள்வி இருந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

அப்பாயிக்கு அந்தக் கேள்விதான் பொருந்தும். தோட்டத்தில் மலை என்றால் சிகரமல்ல, வேலைத்தளம். "இன்றைக்கு எந்த மலை?" என்று கேட்டுக்கொண்டுதான், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போவார்கள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, தனக்குக் கொடுத்த நிறையில், அந்தச் செடி வரிசையில், அப்பாயி ஏறுவாள். கொழுந்து நிறுக்கும்போது றாத்தல் குறைந்தால், வேலைக்கு வந்தவர்களின் பேர் பதியும் செக்ரோல் ஏட்டில் அரைப் பேர்தான் விழும்; அதாவது அரை நாள் கூலி. அந்த மலையை நோக்கிக் கண்களை உயர்த்தியவள் உதவி வரும் என்றா உயர்த்தியிருப்பாள்?

120 முதல் 134 வரையுள்ள பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள். எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர் வழிநடைப் பாட்டாகப் பாடினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. எங்கள் முன்னோரும் நடந்துதான் ஏறினார்கள். தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து, மாத்தளைக்கு. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களும் எதையாவது பாடியிருப்பார்கள்.

எழுந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வெள்ளைக்காரத் துரைமார், அவர்களின் பிள்ளைகள். பிறந்த ஊர் எங்கோ, மண் இங்கே. ஒரு குழந்தையின் கல்லுக்கு முன்னால் சற்று நேரம் நின்று ஜெபித்தேன். துக்கத்துக்கு இனம் கிடையாது. ஆனால் திரும்பும்போது அப்பாயியின் குழி நினைவுக்கு வந்தது. தோட்டத்து மயானத்தில் ஒரு மேடு. பின்பு அதுவும் இல்லை. உயிரோடு இருந்த நாளெல்லாம் பேர் போட்டவர்கள், அவள் இறந்தபின் பேர் எழுதவில்லை.

அங்கேதான் பாட்டு தொடங்கியது. எபிரெயக் கவிதைக்கு எதுகை உயிரல்ல. ஒரு வரியில் சொன்னதை அடுத்த வரி கொஞ்சம் மாற்றித் திரும்பச் சொல்லும். முதல் வரி மூச்சை இழுத்தால் இரண்டாவது விடும். எங்கள் ஒப்பாரியும் அதையே செய்கிறது: ஒரே அடி, ஒரே ஒரு சொல் மட்டும் மாறும், அந்த மாற்றத்தில் நெஞ்சு உடையும். தாவீதின் வீட்டுக்கும் தோட்டக் குடியிருப்பான லயத்துக்கும் இடையில் இப்படியொரு வாசல் இருக்கிறதே என்று ஆண்டவரைத் துதித்தேன். இரவல் சொல் ஒன்றும் தேவைப்படவில்லை.

கடைசி அடி மட்டும் வரவில்லை. வாயிலைத் தாண்டும்போது ஏசாயா நினைவுக்கு வந்தார்: உன்னை என் உள்ளங்கையில் பொறித்திருக்கிறேன் என்று கர்த்தர் சொன்ன இடம். பஸ் டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன்.

மலைகளைப் பார்க்கிறேன், ஆண்டவரே,
முன்னோர் ஏறிய மலை.
மலைகளைப் பார்க்கிறேன், ஆண்டவரே,
முதுகு வளைந்த மலை.
கூடை நிறைந்தது, கை நிறையவில்லை;
நிறை முடிந்தது, நடை முடியவில்லை.
எங்கிருந்து வரும் எங்கள் ஒத்தாசை?
அரைப் பேரோடு அந்திக்கு இறங்கினோம்;
கல்லும் இல்லாமல் மண்ணுக்கு இறங்கினோம்.
மலைகளைச் செய்தவரே,
உம் உள்ளங்கைச் செக்ரோலில்
எங்களுக்கு முழுப் பேர் போடும்.