பச்சைப்பட்டினி

பிப்ரவரி 19
பள்ளியிலிருந்து வந்த என் பெரியவள் யூனிஃபார்மோடு சோபாவில் சாய்ந்தாள். நான் பார்லரைப் பூட்டிவிட்டு வரும்போது மணி எட்டு. அப்படியே கிடக்கிறாள். எழுப்பக் குனிந்தால் வாயிலிருந்து ஒரு நாற்றம். "பல் தேய்ச்சியாடி?" என்று கேட்டதற்கு ஒரு மணி நேரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணிடம் வாய் நாறுகிறது என்று எப்படித்தான் சொல்வது?

பிப்ரவரி 21
பல் டாக்டர். இரண்டு சொத்தை. டார்ச் அடித்து உள்நாக்குப் பக்கமும் பார்த்தார். டான்சில் குழிகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, டான்சில் கல் என்றார். சாப்பாட்டுத் துணுக்கும் கிருமியும் சேர்ந்து இறுகுவதாம், அழுகின முட்டை மாதிரி வாடை வருமாம். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும்.
நாற்றத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வரும் வழியில் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 26
ஹீமோகுளோபின் 9.6. பள்ளியில் வாரா வாரம் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை இவள் விழுங்குவதே இல்லையாம், குமட்டுகிறதாம். பென்சில் டப்பாவில் ஏழு கிடந்தன. நல்ல திட்டு. அசதிக்கும் காரணம் கிடைத்தது. அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் 1
முருங்கைக்கீரை. தொடர்ந்து மூன்றாம் நாள். சாப்பாட்டு நேரத்தில் யாரும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 5
ஒரு நல்ல சேதி. தண்ணீர் பாட்டில் காலியாக வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து இவளோடு எனக்கு இதே சண்டை. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் குடிக்காமல் வருவாள், கொண்டுபோன தண்ணீர் கொண்டுபோனபடியே திரும்பி வரும். இப்போது இரண்டு லிட்டர் பாட்டில் காலி. வீட்டுக்கு வந்ததும் சொம்பைத் தூக்குகிறாள். திருச்சி வெயில் புத்தி சொல்லிவிட்டது என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிரிப்பு பொம்மை போட்டார்.

மார்ச் 8
சமயபுரத்தில் பூச்சொரிதல். பக்தர்களுக்காக மாரியம்மன் 28 நாள் பச்சைப்பட்டினி கிடக்கிறாள். துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான் படையல். அத்தையும் விரதம் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இருக்கிற சர்க்கரைக்கு இது தேவையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. "நானும் இருக்கேன் அப்பாயி" என்று பெரியவள் நின்றாள். பரீட்சை வருகிறது, ஒன்றும் வேண்டாம் என்றேன். விரதம்தான் இல்லை, பானகம் மட்டும் இவள்தான் குடித்துத் தீர்க்கிறாள்.

மார்ச் 12
ஷார்ஜாவிலிருந்து வீடியோ. இவளைப் பார்த்த உடனே, "என்ன இப்படி இளைச்சுட்டா?" என்றார். வாரம் ஒரு தடவை பார்க்கிறவருக்குத் தெரிகிறது. உயரம் போடுகிற வயசு என்று நான் சொன்னேன். யூனிஃபார்ம் சுடிதார் பேன்ட்டில் நாடாவை இழுத்து முடிந்திருக்கிறாள். த்ரெட்டிங்குக்கு வந்த ஒரு அம்மா, "உங்க பொண்ணு சிக்குன்னு அழகாயிட்டா, டயட்டா?" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15
உறையூரில் மணப்பெண் அலங்காரம், நாலரைக்கு முகூர்த்தம். முடித்துவிட்டு வந்தபோது விடியவில்லை. அவள் பக்கத்தில் படுத்தேன். நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். திரும்பப் படுத்தால் அதே வாடை. புடவையில் சிந்தியிருக்கும்.

மார்ச் 17
இரவில் குளியலறை விளக்கு மூன்று தடவை.

மார்ச் 19
ஒருத்தரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. சைனஸ் என்கிறாள் என் தங்கை. மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டால் வாய் காய்ந்து நாறும், தூக்கமும் கெடும் என்று அவளே விளக்கமும் கொடுத்தாள். தைராய்டு, வயிற்றில் பூச்சி, கண்ணேறு. அத்தை மிளகாய் சுற்றிப் போட்டார்கள், நெடி வரவில்லை. "பாத்தியா" என்றார்கள். பக்கத்துக் கடை டெய்லர் அக்கா குரலைத் தாழ்த்தி, "யாரையாச்சும் நெனச்சுக்கிட்டு இருக்காளான்னு பாரு" என்றாள்.
பார்த்தேன். அவள் தூங்கும்போது போனை எடுத்தேன். ஒரு பையனும் இல்லை. கூகுளில் தேடினது மட்டும் இருந்தது: தண்ணி குடிச்சாலும் தாகம் ஏன். கால் ஏன் வலிக்குது. வாய் நாத்தம் போக.
பையன் இல்லை என்ற நிம்மதியில் போனை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 22
நேற்று இரவிலிருந்து வாந்தி, வயிற்று வலி. மாதவிடாய் நாளும் இல்லை. வெயிலில் பானகம் புளித்திருக்கும். தெருமுனை கிளினிக்கில் வாந்திக்கு ஊசி போட்டார்கள். சோர்ந்து கிடக்கிறாளே என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். மூன்று தம்ளர். ஆசையாகக் குடித்தாள்.

மார்ச் 23
ஆஸ்பத்திரி.

மார்ச் 24
தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் நடுங்குகிறது.
நேற்று விடிகாலையில் அவள் மூச்சு சரியில்லை. ஓடி வந்தவள் மாதிரி ஆழமாக இழுத்து இழுத்து விடுகிறாள், ஆனால் படுத்துதான் இருக்கிறாள். கூப்பிட்டால் "ம்" என்கிறாள், கண் திறக்கவில்லை. ஆட்டோவில் என் மடியில் தலை. சின்னவன் செருப்பில்லாமல் வந்துவிட்டான்.
அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், இருபத்தைந்து இருந்தால் அதிகம். அவள் முகத்தருகே குனிந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரிமூவர் வாசனையா?" என்றார். "அது நான்தான் டாக்டர், பார்லர் வச்சிருக்கேன்" என்றேன். "அம்மா, நீங்க கொஞ்சம் திரைக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார். நின்றேன். திரைக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது: "சிஸ்டர், சுகர் பாருங்க. சீக்கிரம்."
கருவியில் எண்ணே வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்து. சின்னவன் எழுத்துக் கூட்டி "ஹாய்" என்று படித்தான். ஹை என்று அர்த்தமாம். 600-ஐத் தாண்டிவிட்டால் அந்தக் கருவிக்கு எண் காட்டத் தெரியாது.
டைப் 1 சர்க்கரை வியாதி. கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்பின் காவல்படையே தின்றுவிடுகிறதாம். பன் தின்றதாலும் இல்லை, பானகம் குடித்ததாலும் இல்லை. இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ரத்தத்தில் சர்க்கரை வழிகிறது, இன்சுலின் என்ற சாவி இல்லாததால் செல்லுக்குள் போக முடியவில்லை. உடம்பு பட்டினி என்று நினைத்துக் கொழுப்பை எரிக்கிறது. அந்த எரிப்பில் வருகிற கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்கும். அதில் ஒன்றின் பெயர் அசிட்டோன். மூச்சில் வருவது அதுதான்.
என் கடையில் லிட்டர் கணக்கில் இருக்கிறது. லேபிளில் அதே பெயர்.

மார்ச் 25
ரத்தம் எவ்வளவு அமிலம் என்று காட்டுகிற பி.ஹெச். 7.12. 7.35-க்குக் குறையக் கூடாதாம். இந்தச் சின்னப் புள்ளி எண்ணில்தான் என் பிள்ளை கிடக்கிறாள். இன்சுலின் சொட்டுச் சொட்டாகப் போகிறது, கூடவே உப்புத் தண்ணீர், பொட்டாசியம். மணிக்கொரு தடவை விரலில் குத்துகிறார்கள். சர்க்கரையை ஏன் சீக்கிரம் இறக்கக் கூடாது என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு அவசரப்பட்டால் மூளை வீங்கிவிடும், மெதுவாகத்தான் என்றார்கள். சரி. மெதுவாகவே ஆகட்டும்.
அத்தையின் சர்க்கரை பார்க்கும் கருவி எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. ஸ்ட்ரிப்போடு. நாலு வருஷமாக.

மார்ச் 26
தூக்கம் வரவில்லை. போனில் படித்தேன். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட பையன் லியனார்ட் தாம்சன். அவனும் கிட்டத்தட்ட இவள் வயசுதான். 11-ஆம் தேதி போட்ட முதல் ஊசி சுத்தமில்லாமல் இருந்ததால் ஒத்துக்கொள்ளவில்லை. 23-ஆம் தேதி மறுபடி போட்டபோது சர்க்கரை இறங்கியது. அதற்கு முன்னால் இந்த வியாதி வந்த பிள்ளைகளைச் சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி போட்டு வைப்பார்களாம், சில மாதமோ ஒரு வருஷமோ கூட இருக்கட்டும் என்று. தாம்சன் 1935 வரை இருந்தான். நான் அவன் அம்மாவைத் தேடினேன். அவளைப் பற்றி எங்கேயும் இரண்டு வரிகூட இல்லை.
மூன்று தம்ளர் குளுக்கோஸ்.

மார்ச் 27
தயிர் சாதம் கேட்டாள்! ஊறுகாயோடு!

மார்ச் 29
வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஊசி போடப் பழகுகிறோம். நர்ஸ் முதலில் ஆரஞ்சுப் பழத்தில் குத்தச் சொன்னார். எத்தனை பேருக்கு மூக்குக் குத்தியிருக்கிறேன், கை நடுங்கினதே இல்லை. இதற்கு நடுங்குகிறது. அவள் என்னிடமிருந்து பேனா ஊசியை வாங்கி, வயிற்றுச் சதையைப் பிடித்து, தானே போட்டுக்கொண்டாள். பத்து எண்ணிவிட்டு எடுத்தாள். "இவ்ளோதாம்மா" என்றாள்.
தினம் நான்கு. சாப்பாட்டுக்கு முன் மூன்று, ராத்திரிக்கு நீண்ட நேரம் வேலை செய்கிற ஒன்று. மாத்திரை கிடையாது.

ஏப்ரல் 1
வீடு. பார்க்க வந்தவர்கள் ஆப்பிள் கொண்டு வந்தார்கள், அதோடு வாயையும் கொண்டு வந்தார்கள். "சின்ன வயசுலயே சுகரா?" "நாளைக்குக் கல்யாணம்னு வந்தா சொல்லாதீங்க." ஒருத்தர் ஆவாரம்பூ கஷாயம் குடித்தால் ஊசியையே நிறுத்திவிடலாம் என்றார். நான் எழுவதற்குள் அத்தை எழுந்துவிட்டார்கள். "எனக்கு இருக்கறது வேற, அவளுக்கு இருக்கறது வேற. ஊசிய நிறுத்துனா புள்ள செத்துரும். காபி குடிச்சிட்டுக் கெளம்புங்க." இத்தனை வருஷத்தில் முதன்முதலாக அவர்கள் காலில் விழலாம் போல இருந்தது.
கரண்ட் போனால் இன்சுலின் என்னாகும் என்று புது மண்பானையில் மணலும் தண்ணீரும் போட்டு ஒரு டப்பாவை வைத்திருக்கிறார்கள். பிரித்த பேனா 28 நாள்தான். தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 5
அம்மனுக்கு 28 நாள் முடிந்தது. அத்தை சோறு சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 9
சாயங்காலம் பூங்காவில் சின்னவனோடு ஷட்டில் ஆடிவிட்டு வந்தாள். வேர்த்து வடிகிறது, கை உதறுகிறது, எரிந்து எரிந்து விழுகிறாள். 58. எழுபதுக்குக் கீழே போனால் உடனே இனிப்பு, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சமையலறையில் கைக்குக் கிடைத்தது அதே குளுக்கோஸ் பாக்கெட், அன்றைக்கு மிச்சம் வைத்தது. மூன்று ஸ்பூன் கரைத்தேன். தம்ளரை நீட்டும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.
94.

ஏப்ரல் 14
புத்தாண்டு. டோஸைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். மிச்சமிருக்கிற செல்கள் கொஞ்ச நாள் விழித்துக்கொள்ளுமாம், அதற்குத் 'தேனிலவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவரை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். இது குணமாவது இல்லை, சில மாதத்தில் முடிந்துவிடும், ஊசியை நிறுத்தவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார் டாக்டர். அவரோ ஷார்ஜாவிலிருந்து, "பாதி கொறஞ்சிருச்சுல்ல, அப்போ மீதியும்..." என்கிறார். நான் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.
மாங்காய்ப் பச்சடி அவளுக்கும் வைத்தேன், வெல்லத்தைக் கணக்குப் பண்ணி.

ஏப்ரல் 17
ரிமூவர் பாட்டில்களைக் கடையில் ஒரே பெட்டியில் பூட்டி வைக்கிறேன். வீட்டுக்குள் வரும் முன் வாசல் குழாயில் முழங்கை வரை கழுவல். அப்படியும் ராத்திரி குனிந்து அவள் மூச்சை மோந்து பார்க்கிறேன். இன்று முழித்துக்கொண்டாள். "அம்மா, மூஞ்சிகிட்ட வராதம்மா, பேய் மாதிரி இருக்கு."
பேஸ்ட் வாசனை. டான்சில் கல் கொஞ்சம் இன்னும் இருக்கிறது போல.

ஏப்ரல் 22
நாளை மறுநாள் மண்ணச்சநல்லூரில் மணப்பெண் அலங்காரம். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, ஸ்ட்ரிப் வாங்கப் பணம் வேண்டும். இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு அவளுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும். அத்தைக்கு அந்தச் சின்ன எண் கண்ணில் தெரியாது. சின்னவனுக்கு ஒன்பது வயது. நேற்று அவனை வைத்துப் பழக்கினேன், ஸ்ட்ரிப்பைத் தலைகீழாகச் சொருகுகிறான். இன்று இரவு இன்னொரு தடவை